காட்டச் சொன்னவர்

பரிசோதனைக்கு வந்த யாருடைய பெயரையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வேலையை விட்டு அனுப்பிய அன்று, அந்தக் கையெழுத்து இனிமேலும் செல்லும் என்று நினைவுபடுத்தித்தான் அனுப்பினார்கள். ஆகவே அவர் பெயர் இங்கே வராது. 'அவள்' என்று எழுதத்தான் கை போகிறது. வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அவரைப் பிடிக்காது. முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் பெரிய மாற்றம் இல்லை. பிடிக்காத ஒருவரை எப்படி இவ்வளவு நுணுக்கமாக ஞாபகம் வைத்திருக்கிறேன் என்பதுதான் எனக்கே விளங்கவில்லை.

நான் வேலை பார்த்தது மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில். ஹைவேயைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஒன்பது பேர் கொண்ட சின்னக் கம்பெனி. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை நடக்க வைக்க ஓர் உடுப்பு செய்துகொண்டிருந்தார்கள். ரோபோ என்றதும் எல்லோரும் இரும்புச் சட்டத்தை நினைப்பார்கள். இது துணி. இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட், தொடையில் ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை, காலில் ஷூ. பெல்ட்டின் பின்பக்கம் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மோட்டார் பெட்டி. அதிலிருந்து மெல்லிய உருக்குக் கம்பி ஒன்று உறைக்குள்ளாக ஓடி வந்து ஷூவின் முன்பக்கத்தில் முடியும். குதிகால் தரையை விட்டுக் கிளம்புகிற கணத்தில் மோட்டார் கம்பியை இழுக்கும்; தொங்கிக் கிடக்கும் முன்பாதம் மேலே எழும்பும். தரையில் தட்டாமல் கால் முன்னால் வந்து விழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது குனிந்து உட்கார்ந்து அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை மறுக்க மாட்டேன். நல்ல சாமான்தான் அது.

நான் இஞ்சினியர் இல்லை. நாகர்கோவில் பக்கம் பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவள். உடுப்பைக் கட்டிவிடுவது, நடக்கும்போது பக்கத்தில் நிற்பது, முடிந்ததும் படிவத்தை நிரப்புவது என் வேலை. நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி எங்களுக்கு ஏழு பேரை அனுப்பியிருந்தது. அதில் இரண்டு பேர் தமிழ்க்காரர்கள் என்பதால் இருவரும் முழுக்க என் பொறுப்பு. மற்றவர்களுக்கும் படிவம் எழுதுவது பெரும்பாலும் நான்தான். ஒருவர் விழிஞ்ஞத்தில் துறைமுகக் கட்டுமானத்தில் சென்ட்ரிங் வேலை பார்த்த தூத்துக்குடிக்காரர். நாற்பத்திரண்டு வயதில் பலகை அடித்துக்கொண்டிருந்தபோதே சாய்ந்துவிட்டவர். மற்றவர் நான் முதலில் சொன்ன இவர். நகரத்தில் சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவில் கயிறு, சங்கிலி, கப்பி, கம்பி விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர். திருநெல்வேலிக் குடும்பம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வலது கையும் வலது காலும் போயிருந்தன. பேச்சு மட்டும் போகவில்லை. அதுவும் போயிருந்தால் நமக்கு நிம்மதி என்று ஆபீசில் ஒருமுறை சொல்லிச் சிரித்தோம். சொன்னது நான்தான்.

முதல் நாள் சம்மதப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் சிரித்த முகமாக உட்கார்ந்தேன். படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சாலையில் முப்பது வருஷம் வியாபாரம் செய்தவருக்கு மலையாளம் படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனாலும் தமிழில் இருந்தால்தான் கையெழுத்து என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடது கை விரலை வரி வரியாக நகர்த்தி, முக்கால் மணி நேரம் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. 'இதனால் ஏற்படக்கூடிய தீங்கு மிகக் குறைவு' என்ற இடம்.

"எவ்வளவு கொறவு?"

ரொம்பக் குறைவு என்றேன்.

"அளந்து பாத்தியா?"

இல்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பரிசோதனையே என்றேன், சிரித்துக்கொண்டே.

"அப்பம் தெரியாதுன்னு எழுது. எதுக்குட்டி சிரிக்க? தெரியாதுன்னு சொல்லுததுக்கு ஒனக்கு என்ன சிரிப்பு?"

நான் பேனாவைக் கொடுத்தேன். இடது கையால் அந்த வரியை அடித்து, மேலே கோணல்மாணலாகத் 'தெரியாது' என்று எழுதி, அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். எங்கள் தலைமை இஞ்சினியர் மலையாளி. நாங்கள் சார் என்று மட்டும் கூப்பிடுவோம். அவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

இவர் எதையும் வாய்வார்த்தையாக எடுத்துக்கொள்ள மாட்டார். 'காட்டு' என்பார். பேட்டரி முழுக்க ஏற்றியிருக்கிறது என்றால், காட்டு. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார் என்றால், டாக்டர் எழுதினதைக் காட்டு. பட்டைகளைத் துவைத்தாயிற்று என்றால் முகர்ந்து பார்ப்பார். அவரை முதலில் ஆச்சி என்று கூப்பிட்டேன். "நான் ஒனக்கு ஆச்சியா? ஒங்க அம்மைய நானா பெத்தேன்?" என்று கேட்டார். பிறகு எப்படியும் கூப்பிடாமல், "வாங்க", "இருங்க" என்றே ஆறு மாதம் ஓட்டினேன்.

உடுப்பைக் கட்டுவதற்கு முன் கம்பியின் முனையைக் காட்டச் சொன்னார். ஷூவில் மாட்டும் சின்னப் பித்தளைக் குப்பிக்குள் கம்பி நுழையும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து உருட்டிப் பார்த்தார். இந்த இடம் பிரி விடும் என்றார். சார் பொறுமையாக, இதை மிஷினில் கட்டி லட்சம் தடவை இழுத்துப் பார்த்திருக்கிறோம் என்று விளக்கினார். மிஷின் நேராக இழுக்கும், நான் நொண்டி, கோணலாகத்தான் இழுப்பேன் என்று பதில் வந்தது. ஐந்தாவது வாரம் அவர் காலில் இருந்தபோதே அது பிரி விட்டது. நரம்பு போல நீட்டிக்கொண்டிருந்த ஓர் இழையைப் பிய்த்துச் சாரின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் சொன்னேனே என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெறுப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்து முடித்ததும் எல்லோரிடமும் எப்படி இருந்தது என்று கேட்டு எழுத வேண்டும். மற்றவர்கள் நல்லாயிருந்தது என்பார்கள். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசிப்பார். "நாப்பது அடி வச்சேன். அதுல ஆறு என்னது. மிச்சம் இதோடது" என்பார். நான் இதை வீம்பு என்றே நினைத்திருந்தேன். சார் ஒருநாள் அவர் தசையிலிருந்து வந்த அளவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய சரியாக இருந்தது. எந்த அடியைத் தன் கால் எடுத்தது, எந்த அடியை மோட்டார் எடுத்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு சார், மோட்டாரின் இழுப்பை எங்கே குறைப்பது என்று அவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தார். மற்ற ஆறு பேரின் பக்கங்களிலும் பிரமாதம் என்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்துவது என்று என்னிடமே கேட்டார். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றை எழுதியது நான்.

இவருடைய மருமகள் சில நாள் கூட வருவார். ஒருமுறை காத்திருக்கும்போது, பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொன்னார். இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்த கூடத்தில், "பொண்ணுக்கு எடது காது கொஞ்சம் மந்தம். தெரிஞ்சுதான் எடுக்கோம்" என்று மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். மருமகளுக்கே அதுவரை அது தெரியாது. கல்யாணம் முடிந்து, டாக்டரிடம் போய், காதுக்கு மிஷின் வைத்து, இரண்டு பிள்ளையும் பெற்றாயிற்று. "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா?" என்று என்னிடம் கேட்டார். சொல்லியிருக்கலாம் என்றேன். இன்றும் அதையே சொல்வேன்.

இவருக்கு நேர் எதிர் சென்ட்ரிங்காரர். முதல் தடவை உடுப்பைக் கட்டிக்கொண்டு ஐந்தடி நடந்தபோது அழுதார். சாரின் காலைத் தொடக் குனிந்தார். நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். அவர் மனைவி ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி அவரைக் கூட்டிக்கொண்டு வருவார். எனக்கென்று நெத்திலிக் கருவாடு பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். எது கேட்டாலும் கணவருடைய பதில் "சூப்பர் மேடம்" என்பதுதான். ஆபீசில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. நான் அவரை அண்ணே என்று கூப்பிட்டேன்.

அண்ணன் அழுத அன்று, அடுத்த முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அழாதடே. அது தூக்குது. நீ தூக்குத அன்னைக்கு அழு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் நான் இவரை வெறுத்த மாதிரி வேறு யாரையும் வெறுத்ததில்லை. அண்ணனுக்கு இவரைக் கண்டாலே நடுக்கம் என்று ஆனது. இருவருக்கும் செவ்வாயும் வெள்ளியும் காலை நேரம் கொடுத்திருந்தோம். மாற்றித் தரச் சொல்லி அண்ணன் என்னிடம் கேட்டார். தமிழுக்கு நான் ஒருத்திதான் என்பதால் முடியவில்லை.

இரண்டாவது மாதம், முழங்கால் வலிக்கிறது என்று சொன்ன ஒரு மலையாளியைப் பாதுகாப்புக்காக நிறுத்தினோம். அதுதான் விதி. அவர் மறுபடி சேர்க்கப்படவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்ட்ரிங்காரர் அதற்குப் பிறகு எங்கும் வலிக்கிறது என்று சொன்னதே இல்லை. பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்வார். இறுக்கமாக இருந்தால் இழுப்பு நன்றாகப் பிடித்து இன்னும் நாலு அடி கூட வரும். வந்தது. ஹாலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். உடுப்பில்லாமல் அவரால் எழுந்து நிற்கத்தான் முடிந்தது.

படிவத்தில் ஒரு வரி உண்டு. பட்டை கட்டிய இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா, உரிந்திருக்கிறதா என்று. பேன்டைத் தூக்கிப் பார்த்து எழுத வேண்டும். அண்ணன் கூச்சப்படுவார். "ஒண்ணுமில்ல மேடம், நல்லாருக்கு" என்பார். நான் இல்லை என்று டிக் அடிப்பேன். அவருக்கு அந்தக் காலில் உணர்ச்சி குறைவு, சர்க்கரை வேறு. இரண்டும் கோப்பில் முதல் பக்கத்திலேயே இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை, அண்ணன் போன பிறகு கீழ்ப்பட்டையின் உள்பக்கம் காசு அளவில் பழுப்பாக ஒரு கறை பார்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். டீ சிந்திவிட்டது மேடம் என்றார். டீ பட்டையின் உள்பக்கம் எப்படிச் சிந்தும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அண்ணன்தான் அவர்களுக்கு நடந்து காட்டப் போகிறவர். திரும்பி வந்து குழாயடியில் பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நிமிர்ந்தபோது பெஞ்சில் இவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டையை விசிறிக்குக் கீழே காயப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் கேமரா வைத்திருந்தார். அண்ணன் புதுச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். நான் உடுப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போகும்போது இவர் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இவர் அன்று நடந்து காட்டுவதாகவே இல்லை. முறைக்கு வந்திருந்தார், அவ்வளவுதான்.

"மொதல்ல அவன் காலைப் பாருங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் குறுக்கே போய், எல்லாம் பார்த்தாயிற்று, உட்காருங்கள் என்றேன்.

"பாத்தியா? காட்டு."

நான் அசையவில்லை. அவர் இடுப்பைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, இடது கைத் தடியின் வளைந்த முனையை அண்ணனின் பேன்ட் விளிம்பில் கொக்கி போல மாட்டி மேலே தூக்கினார். ஒரு பக்கம் விழுந்துபோன ஆள், நாற்காலியில் உட்கார்ந்தபடி, இருக்கிற ஒரு கையால் பேன்டைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேன்ட் முழங்கால் வரை ஏறியது. ஆடுசதையின் பக்கவாட்டில், மடித்து வைத்த கைக்குட்டைக்குக் கீழே, ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு குழி. ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் ஈரமாக. அப்புறம்தான் வாடை வந்தது. கேமராக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார்.

அண்ணன் அன்றைக்கும் அழுதார். ஐந்தடி நடந்தபோது அழுததைப் போல இல்லை அது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். இவர் தடியை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் எலும்பு வரை இறங்கியிருக்கும், காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோல் உரிந்தால் பரிசோதனையில் இருக்க முடியாது. அண்ணனை நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தார். வரவேற்பறையில் உட்காராமல் நின்றபடியே பேசினார். "புண்ணுதானே மேடம். நடந்தாரே" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அந்தக் கிழவி நல்லா இருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு விசாரணை வைத்தது. விசாரணைக்கு முந்தின நாள் நான் சாலையில் அவர் கடைக்குப் போனேன். கடை வாசலில் தேங்காய்நார்க் கயிறும் நைலான் கயிறும் சுருள் சுருளாக அடுக்கியிருந்தன. உள்ளே மகன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, எதிரில் நின்ற ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குக் கிணற்றில் மோட்டாரைத் தொங்கவிடக் கயிறு வேண்டும். மகன் ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார். இவர் அதை இடது கையில் சுற்றி, முழங்காலுக்கு அடியில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, இது தாங்காது, நாலு கடை தள்ளி இன்ன கடையில் நல்லது இருக்கிறது, போ என்று மலையாளத்தில் அனுப்பிவிட்டார். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார். இது அவருக்குப் பழக்கம் போல.

நான் பக்கத்தில் போய்க் குனிந்து, நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். பட்டையைக் கழுவியதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். என் அப்பாவுக்கு வேலை இல்லை, தம்பி படிக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையும் உண்மை. கடைசியில் அழவும் செய்தேன். அவர் நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

"நான் பாத்ததை நான் சொல்லுவேன். நீ செஞ்சதை நீ சொல்லு."

ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

குழுவில் மூன்று டாக்டர்களும் ஒரு வக்கீலும். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நோயாளி மறைத்துவிட்டார், எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் பொய் சொன்னதால்தான் இப்படி ஆனது என்று அண்ணன் மேல் போட்டேன். அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். மலையாளத்தில் கேட்டார்கள், மலையாளத்திலேயே பதில் சொன்னார். உடுப்பில் குறை ஏதும் உண்டா என்றதற்கு, சாமான் நல்லது, பட்டைக்கு உள்ளே மெத்தை வேண்டும் என்றார். புண் இருப்பது வேறு யாருக்காவது தெரிந்திருந்ததா என்றதற்கு என்னைத் தடியால் காட்டினார்.

"ஈ குட்டி கண்டு. கழுகி. எழுதியில்ல."

பார்த்தாள், கழுவினாள், எழுதவில்லை. மூன்று சொல்லில் முடித்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். இவர் தடியைக் கீழே இறக்கினார். நானும் கண்டேன், அன்றைக்கே சொல்லவில்லை, மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன், அதையும் எழுதுங்கள் என்றார். அவர்கள் எழுதினார்களா என்று தெரியாது. இவர் எட்டிப் பார்த்தார்.

வெளியே நீளமான வராந்தா. மருமகள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இழக்க இனி ஒன்றும் இல்லை என்ற தைரியத்தில், நேராகப் போய்க் கேட்டேன். அன்றைக்கே பார்த்தீர்களே, அன்றைக்கே சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அண்ணனுக்கு அந்த அவமானம் வந்திருக்காதே, ஏன் சொல்லவில்லை என்று.

"நீ எழுதுவேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "காட்டுன்னு கேக்கல. நம்பிட்டேன். அது எம் பெசகு" என்றார்.

என்னைத் திட்டினாரா, தன்னைத் திட்டிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டோ வந்தது. மருமகள் கை நீட்டினார். அதைத் தட்டிவிட்டு, தடியை முதலில் உள்ளே போட்டு, கம்பியைப் பிடித்துத் தானே ஏறினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் என் வேலை போனது. பரிசோதனையைச் சில மாதம் நிறுத்தி வைத்து, பட்டைக்கு உள்ளே மெத்தை வைத்து, அழுத்தம் கூடினால் ஒலிக்கும்படி ஏதோ சேர்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். இவர் திரும்பிப் போகவில்லை என்று சார் போனில் சொன்னார். கூப்பிட்டுப் பார்த்தாராம். என்னுடைய அடிகள் எத்தனை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இனி அவற்றை வைத்து நடந்துகொள்கிறேன் என்று பதில் வந்ததாம். சாருக்கு வருத்தம். எனக்கு அவர் வருத்தத்தைக் கேட்கப் பிடிக்கவில்லை.

நான் இப்போது கரமனையில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறேன். சாலை வழியாகப் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போகிறேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று யாரிடமும் கேட்டதில்லை.

சென்ட்ரிங்காரரைப் பார்க்க மட்டும் ஒருமுறை போனேன். எல்லாம் நடந்து எட்டு மாதம் இருக்கும். விசாரணையில் நான் அவர் மேல் பழி போட்டது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். விழிஞ்ஞத்தில் மேட்டின் மேல் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. மத்தியானம். மனைவி வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "வாங்க மேடம், வாங்க" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டார். எப்படி இருக்கிறீர்கள் என்றேன். சூப்பர் என்றார். புண் ஆறிவிட்டதா என்றேன். எப்பவோ ஆறிவிட்டது என்றார். பிளாஸ்கில் இருந்த பால் விடாத கட்டஞ்சாயாவை ஊற்றிக்கொள்ளச் சொன்னார். நானே ஊற்றி இருவரும் குடித்தோம். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

பேச்சுக்கு நடுவில் அவரே ஆரம்பித்தார். அந்தம்மா வந்தது மேடம் என்றார். நான்கைந்து மாதத்துக்கு முன்னால், தனியாக, ஆட்டோவில். மேட்டுக்கு ஆட்டோ ஏறாது. தடியை ஊன்றிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அண்ணன் கதவைத் திறக்கவில்லை. ஆறிடுச்சா என்று வெளியிலிருந்து கேட்டிருக்கிறார். ஆறிடுச்சு என்று உள்ளிருந்து அண்ணன் சொல்லியிருக்கிறார்.

"தொறந்து காட்டுன்னுச்சு. நான் தொறக்கல மேடம். படியில உக்காந்துச்சு. நல்ல வெயிலு. ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் எந்திரிச்சுப் போயிருச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பார் என்று நான் சொன்னேன்.

"அதெல்லாம் கேக்கல மேடம்" என்றார். "காலைக் காட்டுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் அவருடன் சேர்ந்து சிரித்தேன். கிளம்பும்போது அடுத்த தடவை சாப்பிடுகிற மாதிரி வாருங்கள் என்றார்.

நகரத்துக்குத் திரும்பும் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் மூன்று நிறுத்தம் தாண்டியிருக்கும். டீ சிந்திவிட்டது மேடம் என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன முகம் நினைவுக்கு வந்தது. இன்றைக்குச் சொன்ன முகமும் அதே முகம்தான். எப்பவோ ஆறிவிட்டது என்றதும் நான் தலையாட்டிவிட்டு டீ குடித்திருக்கிறேன். மணியடித்து இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன். மேடு ஏறியபோது மூச்சு இரைத்தது. கதவைத் தட்டினேன்.

எதையாவது விட்டுவிட்டுப் போனீர்களா மேடம் என்று கேட்டுக்கொண்டே திறந்தார்.

"காலைக் காட்டுங்க அண்ணே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முகத்தை விட்டுப் போனது. "நீங்களுமா" என்று மட்டும் கேட்டார். பிறகு வாக்கரில் சாய்ந்துகொண்டு, இருந்த ஒரு கையால் லுங்கியை முழங்கால் வரை தூக்கினார்.

ஆறியிருந்தது. நன்றாகவே ஆறி, தோல் மூடி, வழவழவென்று ஒரு கறுத்த வட்டம் மட்டும் இருந்தது. நான் குனிந்து விரலால் தொட்டுக்கூடப் பார்த்தேன். உண்மையைத்தான் சொல்லியிருந்தார்.

"போதுமா மேடம்?"

போதும் என்றேன். லுங்கியை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தத் தொடங்கினார். வாக்கரையும் நகர்த்திக்கொண்டு ஒற்றைக் கையால் சாத்த வேண்டும் என்பதால் நேரம் பிடித்தது. உதவி செய்யலாமா என்று நான் கேட்கவில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றேன்.